ஆர்.எஃப்.ஐ.டி. ஆன்டெனா புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு: 50 ஓமை மறந்துவிடுங்கள்

எம்.இ. இறுதியாண்டில், மருந்துப் பெட்டியில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குக்கு (ரீடர் அனுப்பும் ரேடியோ அலையின் சக்தியிலேயே இயங்கிப் பதில் தரும் சிப் பொருத்திய அடையாள வில்லை) 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்தில் ஆன்டெனா வடிவமைத்தேன். முதல் மூன்று மாதங்கள் வீணாயின. இதே தலைப்பை எடுக்கப்போகிற உங்களுக்காவது அவை மிச்சமாகட்டும்.

ஆன்டெனா என்றாலே அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 50 ஓம் என்று இளநிலைப் படிப்பில் பழகிவிட்டோம். நானும் அப்படியே வடிவமைத்தேன். சிமுலேஷனில் எஸ்11 (ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பி வருவதன் அளவு) வரைகோடு 866 மெகாஹெர்ட்ஸில் மைனஸ் 30 டெசிபலுக்கு இறங்கியதும் வேலை முடிந்தது என்று நம்பினேன். செப்புப் பலகையை ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுத்து, சிப்பைப் பற்றவைத்து, ஆய்வகத்தில் இருந்த குறைந்த திறன் ரீடரின் முன் பிடித்தேன். 60 செ.மீ. தாண்டியதும் டேக் மௌனமாகிவிட்டது.

விடை சிப்பின் டேட்டா ஷீட்டிலேயே இருந்தது. 1500 ஓம் மின்தடையும் 0.85 பைக்கோஃபாரட் மின்தேக்கியும் பக்க இணைப்பில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். 866 மெகாஹெர்ட்ஸில் இதைத் தொடர் இணைப்பாக மாற்றினால் ஏறத்தாழ 30 – ஜெ212 ஓம் வரும் (30 மின்தடைப் பகுதி; ஜெ-யோடு வருவது மின்தேக்கியால் வந்த பகுதி). திறன் முழுவதும் சிப்புக்குள் போக, ஆன்டெனாவின் ஜெ பகுதி எதிர்க்குறியோடு அமைந்து இதை ஈடுகட்ட வேண்டும். அப்படியானால் ஆன்டெனா 30 + ஜெ212 ஆக இருக்க வேண்டும். அதாவது சுமார் 39 நானோஹென்றி மின்தூண்டல் அதற்குள்ளேயே அமைய வேண்டும். 50 ஓம் ஆன்டெனாவை இந்தச் சிப்போடு இணைத்தால் கிடைக்கும் திறனில் 12 சதவீதம்தான் உள்ளே போகிறது. இந்தக் கணக்கை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தாளில் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

தேவையான மின்தூண்டலுக்கு, சிப்பைச் சுற்றி ஒரு சிறு செவ்வக வளையம் வைத்து அதை ஆன்டெனாவின் கைகளோடு இணைத்தேன். டி-மேட்ச் என்பது இதுதான். வளையத்தின் அளவு பெரும்பாலும் மின்தூண்டலையும், கைகளின் நீளம் ஒத்ததிர்வையும் (ஆன்டெனா சிறப்பாக இயங்கும் அதிர்வெண்) தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள்; எது எதனால் மாறியது என்றே தெரியாமல் போய்விடும். வளையம் சரியானதும் அதே ரீடரில் தூரம் 1.6 மீட்டரை எட்டியது.

அடுத்த சிக்கல் அளவு. 866 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 173 மி.மீ. அதை 50 மி.மீ.க்குள் அடக்கக் கம்பியைப் பாம்புபோல் மடிக்கிறோம். மடிப்புக்கு விலை உண்டு. ஆன்டெனா ஆய்வாளர்களான வீலர் 1947இலும் சூ 1948இலும் காட்டியதுபோல், ஆன்டெனா சிறுக்கச் சிறுக்க அதன் பட்டையகலமும் (அது நன்றாக இயங்கும் அதிர்வெண் வீச்சு) சுருங்கும். இந்தியாவில் 2005இல் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டது 865–867 மெகாஹெர்ட்ஸ்தான். சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் இயங்குவதும் இங்கேதான். பட்டையே இவ்வளவு குறுகலாக இருக்கும்போது ஆன்டெனாவும் குறுகலாக இருந்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் டேக் காற்றில் தொங்கப்போவதில்லை. சிரப் பாட்டில்கள் அடுக்கிய அட்டைப்பெட்டியில் ஒட்டியதுமே ஒத்ததிர்வு கீழே நழுவி, தூரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80ஐ ஒட்டியது. பக்கத்தில் அது இருக்கும்போது ஆன்டெனா மின்சார ரீதியில் நீண்டுவிடுகிறது. ஆகவே அட்டையையும் திரவத்தையும் முதல் நாளிலிருந்தே சிமுலேஷனில் சேர்த்துவிடுங்கள்.

கடைசிச் சரிப்படுத்தலைக் கையால்தான் செய்தேன். கைகளின் நுனியை வேண்டுமென்றே சில மில்லிமீட்டர் நீட்டி வைத்திருந்தேன். டேக்கைப் பெட்டியில் ஒட்டியபடியே பிளேடால் இரு நுனியிலும் ஒவ்வொரு மில்லிமீட்டராகச் செப்பைக் கீறி உரித்து, ஒவ்வொரு முறையும் தூரத்தை அளந்தேன். நான்காவது வெட்டு வரை தூரம் கூடியது, ஐந்தாவதில் குறைந்தது. அடுத்த பலகையை நான்கு வெட்டின் அளவுக்கே அரித்தேன்.

அளவீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. இது இரு கைகளும் சமச்சீராக உள்ள ஆன்டெனா. வெக்டர் நெட்வொர்க் அனலைசரின் (எஸ்11 போன்றவற்றை அளக்கும் கருவி) ஒற்றைக் கோஆக்சியல் கேபிளை நேரடியாகப் பற்றவைத்தால் கேபிளின் வெளியுறையும் கதிர்வீசத் தொடங்கும். கேபிளைத் தொட்டாலே அளவு மாறும். சம நீளமுள்ள இரண்டு கேபிள்களின் வெளியுறைகளை ஒன்றாகப் பற்றவைத்து, உள்கம்பிகளை ஆன்டெனாவின் இரு முனைகளிலும் இணைத்து, இரண்டு போர்ட்டிலும் அளந்து, இம்பீடன்ஸைக் கணக்கிட வேண்டும். சிமுலேஷன் மென்பொருளுக்கு உரிமம் இல்லையே என்று தயங்க வேண்டாம்; 4நெக்2, ஓப்பன்இ.எம்.எஸ். இரண்டும் இலவசம்.

வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "இன்னும் இரண்டு மடிப்பு மடித்தால் இன்னும் சிறிதாகுமே, ஏன் நிறுத்தினீர்கள்?" மடிப்பின் இரு பக்கங்களிலும் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அருகருகே மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. ஒன்றின் கதிர்வீச்சை மற்றொன்று அழிக்கிறது. கதிர்வீச்சுத் தடை (கதிர்வீச்சாக வெளியேறும் திறனைக் குறிக்கும் ஓம் மதிப்பு) இறங்க இறங்க, செப்பின் இழப்பும் பலகையின் இழப்பும் திறனை விழுங்கிவிடும் என்றேன். அவர் தாளை வாங்கி அம்புகளைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.