கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து

புதுக்கோட்டையில் நிருபராக இருந்தபோது சக நிருபர்கள் மத்தியில் என் பெயர் ‘ஜமீன்’. “ஜமீன், இன்னிக்கு டீ உங்க கணக்கு” என்பார்கள். பாதி நாள் நானே கடன் சொல்லித்தான் குடிப்பேன். “மன்னர் மானியம் எவ்வளவு வருது?” என்று வேறு கேட்பார்கள். 1971இல் ஒழிக்கப்பட்ட அந்த மானியம் சமஸ்தான மன்னர்களுக்கு உரியது. எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள். நாங்கள் அறந்தாங்கிப் பக்கத்துச் சின்ன ஜமீன், பழைய தஞ்சை ஜில்லா. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு எங்கள் கதை முடிந்தது. மிச்சம், ஓடு சரிந்த வீடும் கோயிலில் பரிவட்டமும்.

அந்தப் பரிவட்டம் ஒருமுறை மானத்தை வாங்கியது. முதல் மரியாதை யாருக்கு என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போன ஊர்களைப் பற்றி நடுநிலையாக எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். எங்கள் ஊர்த் தேருக்குச் செய்தி எடுக்கப் போய், தலையில் பரிவட்டமும் கையில் நோட்டுமாக நின்றேன். மறுவருடம் சித்தப்பாவை நிற்கச் சொல்லிவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் இருப்பதே தொண்டைமான்களின் புது அரண்மனையில்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு ஜனங்கள் வந்து அரண்மனை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஜமீன் பட்டா. 1908 சட்டப்படி ஜமீன்தார் பட்டா கொடுக்க வேண்டும், குடியானவர் அதை ஏற்று முச்சலிக்கா என்ற ஒப்புதல் பத்திரம் எழுதித் தர வேண்டும். கீழே இருந்த கையெழுத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தின் அடியில் இருக்கும் அதே வளைவு. அப்பாவின் தாத்தா.

ஜமீன் போனதும் செட்டில்மெண்ட் அதிகாரிகள் விசாரித்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் அரசே நேரடியாகத் தரும் ரயத்துவாரி பட்டா கொடுத்தார்கள். பெரியவரின் அப்பா அந்த விசாரணைக்குப் போகவில்லையாம். “யாரும் வந்து சொல்லலை தம்பி. ராசா கையெழுத்துப் போட்ட தாள் இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்னு இருந்துட்டாரு.” நிலம் கணக்கில் அரசு தரிசு என்று ஏறிவிட்டது. மூன்று தலைமுறையாக உழுவது இவர்கள்.

யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வரி வசூலிக்க வருடா வருடம் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பிய குடும்பம் எங்களுடையது. விசாரணைத் தேதியைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். எங்கள் வீட்டில் நஷ்ட ஈடு குறைவு என்ற பேச்சை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்டதேயில்லை.

“நீங்க எந்த ஊரு தம்பி?”

“புதுக்கோட்டைதான்யா.”

இரவு திருச்சி டெஸ்க்கிலிருந்து போன். “பட்டா கொடுத்தது ‘அப்போதைய ஜமீன்தார்’னு எழுதியிருக்கீங்க. பேர் இருந்தா போடலாமே, தெரியலையா?”

“தெரியலை சார்” என்றேன்.

செய்தி ஐந்தாம் பக்கத்தில் வந்தது. அடுத்த திங்களன்று பெரியவரின் மஞ்சப்பையில் பட்டாவோடு அந்தச் செய்தித் துண்டும் இருந்தது.