சுரங்க வாசலில் கண்மையோடு நின்றவர்

வேல்ஸ் நாட்டு மல்லர் ஏட்ரியன் ஸ்ட்ரீட்டை நான் முதலில் பார்த்தது மல்யுத்த மேடையில் அல்ல, டென்னிஸ் ஹட்சின்சன் 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில். வேல்ஸில் உள்ள நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், முகமெல்லாம் கரி படிந்த தந்தையும், வெளிறிய பொன்முடியும் ஒப்பனையும் பளபளக்கும் உடையுமாக மகனும் அருகருகே நிற்கிறார்கள்.

1940 டிசம்பர் 5 அன்று பிரின்மார் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் பிறந்த ஸ்ட்ரீட், பள்ளியை விட்டதும் தந்தையைப் போலவே நிலத்தடியில் வேலைக்கு இறங்கினார். மல்லனாகப் போகிறேன் என்றபோது உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். பதினாறு வயதில் லண்டனுக்குக் கிளம்பிய அவர், 1957இல் தொழில்முறை மேடை ஏறினார்.

தொடக்கத்தில் அவர் உடுத்திய வண்ண உடைகள் வெறும் ஆடம்பரமே. ஆனால் அவற்றைக் கண்ட கூட்டம் அவரைப் பெண்மை மிகுந்தவர் என்று ஏளனம் செய்தபோது, வேறு எவராக இருந்தாலும் மறுநாளே உடையை மாற்றியிருப்பார். இவரோ உதட்டுச் சாயம் பூசி, ஒயிலாக நடந்து, எதிராளிக்கு முத்தம் கொடுத்து, அந்த ஏளனத்தையே நுழைவுச்சீட்டு விற்கும் சரக்காக ஆக்கிக்கொண்டார். 1967 வரை ஆண்களுக்கிடையிலான தன்பாலுறவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாகவே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அரங்கில் எழுந்த கூச்சலில் எவ்வளவு உண்மையான வெறுப்பு கலந்திருக்கும் என்பது புரியும். அந்த வெறுப்பை வைத்துப் பிழைத்ததில் எனக்குச் சற்று நெருடல் உண்டு; ஆயினும் அடி வாங்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவரே. ஒப்பனைக்கு அடியில் இருந்தது, பிடிகளை நன்கு கற்ற, இரக்கமற்ற முரட்டு மல்லர். முடிவு முன்கூட்டியே பேசப்பட்டதாக இருக்கலாம், முறுக்கப்பட்ட கையின் வலி அப்படியன்று.

சனிக்கிழமை மாலைகளில் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய மல்யுத்தம் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மேடைத் துணையாகவும் வாழ்க்கைத் துணையாகவும் இருந்த மிஸ் லிண்டாவுடன் 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்கா சென்றவர், பின்னர் ஃப்ளோரிடாவில் குடியேறி மற்ற மல்லர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தார். எந்த உடைக்காக ஏசப்பட்டாரோ, அந்தக் கைவேலையே சோறு போட்டது.

இனி படத்துக்கு வருகிறேன். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்ட்ரீட்தான். தம்மைப் பார்த்துச் சிரித்த ஊருக்குப் பதில் சொல்லவே அங்கே போனார். 2018இல் வேல்ஸுக்கே திரும்பிய அவர், 2023 ஜூலை 31 அன்று, 82ஆம் வயதில் காலமானார்.