நம்ம ஊர் நீலகண்ட சிவன்

திருவிழாக் கச்சேரிக்குப் பாடகரை அழைக்கும்போதே கமிட்டி அண்ணன்மார் ஒன்று கேட்டுக்கொண்டால் நல்லது: நீலகண்ட சிவன் கீர்த்தனை ஒன்றாவது பாடுங்கள் என்று. தமிழில் கீர்த்தனைகள் இயற்றியவர் இவர்; 1839இல் பிறந்து 1900இல் மறைந்தவர், தக்கலைப் பக்கம் பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர். அரண்மனை பார்க்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முகாரி ராகத்தில் ‘என்றைக்கு சிவகிருபை வருமோ’ கேட்டுப் பாருங்கள். சுற்றிவளைக்காமல் முதல் வரியிலேயே சிவனிடம் நேராகக் கேட்டுவிடுகிறார். அந்த ‘வருமோ’வில் பாடகர் கொஞ்சம் நின்றால் போதும், ராகம் முழுசும் இறங்கிவிடும். பூர்விகல்யாணி ராகத்தில் ‘ஆனந்த நடமாடுவார்’ இன்னொரு வகை. கச்சேரி கேட்கிற பலருக்கும் அது பழக்கம்தான். எழுதியவர் பெயரைக் கேட்டால்தான் முழிப்பார்கள். பின்னால் வந்த பாடலாசிரியர் பாபநாசம் சிவன் இளவயதில் திருவனந்தபுரத்தில் இவர் பாடல்களில் ஊறியவர். பாபநாசம் சிவன் பெயர் எல்லோருக்கும் தெரியும், சரி.

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகளின் பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை மக்களே. ஆனால் தமிழ்ப் பாட்டு என்றாலே கடைசிப் பத்து நிமிஷத்தில் பாடும் சின்னப் பாட்டு, துக்கடா என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. அந்த முகாரிப் பாட்டை நடுக் கச்சேரியில் வைத்து, முன்னால் ராகத்தை இழைத்துப் பாடும் ஆலாபனையோடு விரிவாகப் பாடட்டும். பாடுவதற்கு முன்னால் மைக்கில் ‘இவர் பத்மநாபபுரத்துக்காரர்’ என்று ஒரு வரி சொல்லட்டும். நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பாட்டு வாத்தியார் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள், பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று பேசுவோம்.