சாகர் சம்பதாவில் தண்ணீர் பிடிப்பது எப்படி?

1984-ல் டென்மார்க்கில் கட்டப்பட்ட இந்திய ஆய்வுக் கப்பல் சாகர் சம்பதா. இருப்பிடம் கொச்சி. இழுவலை போட்டு மீன் பிடித்து ஆராயும் கப்பல்தான். ஆனால் ஓரிடத்தில் மீன் ஏன் இல்லை என்பதற்கான பதில் பெரும்பாலும் கம்பிவடத்தில் இறங்கும் சி.டி.டி. கருவியிடம்தான் கிடைக்கும். கடல்நீரின் உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளப்பது அது.

கருவியைச் சுற்றி, தண்ணீர் பிடிக்கும் நிஸ்கின் குழாய்கள் நிற்கும், இரண்டு முனையும் திறந்தபடி. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஓரிரு நிமிடம் ஊறவிட வேண்டும். கருவிக்குள் நீரை இழுக்கும் பம்பில் காற்றுக்குமிழி தங்கினால் உப்பு அளவு தப்பும். பிறகு விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் இறக்குவார்கள். குழாய்களை மூடுவது மேலே ஏறும்போதுதான். மூடிகளைத் திறந்து வைத்திருக்கும் இழுப்புக் கயிறு சிக்கினால் மூடி விழாது, அந்த ஆழத்துத் தண்ணீர் போச்சு.

கப்பல் தளத்துக்கு வந்ததும், நிஸ்கின் குழாயின் மேலுள்ள காற்றுத்திருகைத் திறக்காமல், அடியில் தண்ணீர் எடுக்கும் சிறு திறப்பை மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் அந்தக் குழாய் கசிகிறது, ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது ஆக்சிஜன் மாதிரி. ரப்பர் குழாயின் நுனி கண்ணாடிப் புட்டியின் அடியைத் தொட வேண்டும். மெதுவாக நிரப்பி, நன்றாக வழியவிட்டு, மாங்கனீசு கரைசலும் கார அயோடைடும் சேர்த்து, குமிழி இல்லாமல் மூடிக் குலுக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையோரம் ஆக்சிஜன் குறைந்த ஆழ்நீர் மேலெழும். அடித்தள மீன்கள் அப்போது இடம் மாறுவதன் காரணம் அந்தப் புட்டியில் தெரியும்.