ஊத்துக்குளியை வெண்பாவுக்குள் கொண்டுவருவது எப்படி

கவிதை கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் அணிகளின் பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகள் மட்டும் 35 சொல்கிறது. அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு நாலு வரி எழுத உட்கார்ந்தால் வரி நொண்டும். முதலில் வாய்க்குப் பிடிபட வேண்டியது அசை, அதாவது சொல் ஒலிக்கும்போது பிரியும் துண்டு. அதற்கு நம் கொங்கு ஊர்ப் பெயர்களே போதும்.

விதி சின்னது. தனி நெடில் நேரசை. குறிலுக்குப் பின் மெய்யெழுத்து வந்தால் அதுவும் நேர். குறிலை அடுத்து இன்னோர் உயிர்மெய், குறிலோ நெடிலோ, வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. மெய்யெழுத்துக்குத் தனிக் கணக்குக் கிடையாது, முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மெய் வந்தாலும் அப்படித்தான். 'வாழ்க்கை' என்பது வாழ்க்/கை. தனிக்குறில் கடைசியில் மிஞ்சினால் மட்டும் நேர் ஆகும்.

அசைகள் சேர்ந்தால் சீர், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வாய்பாட்டுப் பெயர் உண்டு. கோவை என்பது கோ/வை, நேர் நேர், தேமா. பவானி பவா/னி, புளிமா. பல்லடம் பல்/லடம், கூவிளம். பெருந்துறை கருவிளம். மூன்றசைக்குப் போனால் ஈரோடும் பொள்ளாச்சியும் தேமாங்காய், அவிநாசி புளிமாங்காய். பஸ் ஸ்டாண்டில் நின்று பெயர்ப்பலகைகளைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். ஒன்று, சொல் பிரியும் இடத்தில் அசையும் பிரியும் என்று நினைப்பது. சென்னிமலையில் 'மலை' தனிச்சொல்தான். ஆனால் அசை சென்/னிம/லை, கூவிளங்காய். இன்னொன்று ஐகாரம். சொல்லின் முதலில் இல்லாத 'ஐ' குறுகிக் குறில்போல் நடக்கும். கொங்கில் ஊருக்கு ஊர் பாளையம் இருக்கிறதே, அது பா/ளையம், கூவிளம். பா/ளை/யம் என்று மூன்றாக வெட்டினால் கணக்குத் தப்பும்.

நம் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஏனுங்' என்றால் ஏ/னுங், தேமா. 'ஏனுங்க' என்றால் ஏ/னுங்/க, தேமாங்காய். மரியாதையை 'ங்'கோடு நிறுத்தினால் அசை கூடாது, முழுசாகச் சொன்னால் ஒன்று கூடும். பேச்சுத் தமிழில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல வசதி.

இப்போது வெண்பா. சீரின் பெயர் மா என்று முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளம் என்று முடிந்தால் நேரில், காய் என்று முடிந்தாலும் நேரில். சீர்கள் இப்படிப் பொருந்துவதுதான் தளை. கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு ஓர் உகரம்), பிறப்பு (நிரையோடு ஓர் உகரம்) என்ற நான்கில் ஒன்று. மூன்றாம் அசை நிரையாக இருக்கும் கனிச்சீர் உள்ளே வரவே கூடாது. சிக்கல் இங்கேதான்: ஊத்/துக்/குளி தேமாங்கனி. தாராபுரமும் அப்படியே. அப்படியானால் இந்த ஊர்களுக்கு வெண்பாவில் இடமில்லையா? இருக்கிறது. தேமாங்கனியின் முதல் இரண்டு நேரையும் ஒரு சீராக நிறுத்தி, மிச்சமிருக்கும் நிரையை அடுத்த சொல்லோடு சேர்த்தால் மா முன் நிரை தானாக அமைந்துவிடும்:

ஊத்துக் குளிவெண்ணெய் போல உருகுமே
காத்திருந்த தாயின் மனம்.

தேமா, புளிமாங்காய், தேமா, கருவிளம். கூவிளங்காய், தேமா, மலர். தளை எங்கும் தட்டவில்லை. இப்படிச் சொல்லைப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். அளவோடு செய்ய வேண்டும். ஒவ்வோர் அடியிலும் செய்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

இதில் 'தாயின்' என்பதை எடுத்துவிட்டு 'அம்மாவின்' என்று போட்டுப் பாருங்கள். அம்/மா/வின் தேமாங்காய். அடுத்து வரும் 'மனம்' நிரை. காய் முன் நிரை வந்தால் அது கலித்தளை, வெண்பா கெட்டது. பதறி முழுவதையும் கலைக்க வேண்டாம். 'மனம்' இருந்த இடத்தில் 'நெஞ்சு' வைத்தால் நேரில் தொடங்கி, காசு வாய்பாட்டில் முடிந்துவிடும்.

எதுகை இரண்டாம் எழுத்தில் இருக்கிறது: ஊத்து, காத்து. ஊரின் பெயரை 'ஊற்றுக்குளி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அசை மாறாது, ஆனால் எதுகை போய்விடும். காத்திருக்கிற தாய்க்குப் பதிலாகக் காற்றைத்தான் கூப்பிட வேண்டும். முதலெழுத்து ஒத்துவரும் மோனை ஊத்து, உருகுமே என்று முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் இருக்கிறது. முதலிலும் மூன்றிலும் விழுந்திருந்தால் காதுக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கணக்கின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் இருக்கிறது. அதன் பாவகையான கட்டளைக் கலித்துறையில் அடிக்கு ஐந்து சீர். நேரில் தொடங்கினால் மெய் நீக்கி 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. ஐந்தாம் சீர் விளங்காய், முடிவு ஏகாரம். பாட்டுக்குப் பாட்டு வரும் 'மண்டலமே'யைப் பிரித்தால் மண்/டல/மே, கச்சிதமான கூவிளங்காய்.

இனி பொருளுக்கு வருவோம். நாம் எழுதிய அந்த இரண்டடிக் குறள் வெண்பாவில் உவமையின் நாலு உறுப்பும் வெளிப்படையாக இருக்கின்றன. வெண்ணெய் உவமை, மனம் உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), 'போல' உவம உருபு, உருகுதல் பொதுத்தன்மை. கடைசியானதை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. 'வெண்ணெய் போன்ற மனம்' என்று மட்டும் எழுதினால் வெள்ளையா, மென்மையா, வழுக்குமா என்று ஆளுக்கொன்று நினைப்பார்கள். வெண்ணெயும் உருகும் மனமும் பழைய ஜோடி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஊர் வெண்ணெயும் உருகத்தான் செய்யும். இங்கே ஊத்துக்குளி வந்தது எதுகைக்காக.

தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று பிரிக்கிறது. உருகுவது வினை. பாசன நீர் தரும் காலிங்கராயன் வாய்க்கால்போல் கொடுப்பவர் என்றால் பயன். காங்கேயம் காளைத் திமில்போல் குன்று என்றால் மெய், அதாவது வடிவம். ஈரோட்டு மஞ்சள்போல் மாலை வெயில் என்றால் உரு, நிறம். எழுதிய உவமை இவற்றில் எதிலும் சேரவில்லை என்றால் பெரும்பாலும் அது வெறும் அலங்காரம்.

உருவகத்தில் வரிசை புரளும். 'வெண்ணெய் மனம்' உவமைத்தொகை, 'மனவெண்ணெய்' உருவகம். உருவகம் செய்த பிறகு வினை வெண்ணெய்க்கு உரியதாக இருக்க வேண்டும்: திரளலாம், உருகலாம். 'மனவெண்ணெய் சிறகு விரித்தது' என்றால் படம் கலைந்துவிடும்.

'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்' என்பது உயர்வு நவிற்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்குகிற பல்லடம், உடுமலைப் பக்கத்துக்காரர்களுக்கு அது அவ்வளவு மிகையாகத் தோன்றாது. அதே காற்றில் சுழலும் காற்றாலையைப் பார்த்து, 'இந்தப் பக்கம் வராதே என்று மேகத்தைக் கைவீசி விரட்டுகிறது' என்று எழுதினால் தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். சுழல்வதும் உண்மை, காரணமும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேறொன்று சொல்வதில்தான் அணி இருக்கிறது. ஒருவர் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னால் அணி இல்லை, மழை பற்றிய அவருடைய கருத்து.