எழும்பூரில் ஒரு பௌர்ணமி

அத்தைக்குக் கோயில் என்றால் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்ற வேண்டும், கையில் கொஞ்சம் சுண்டலாவது விழ வேண்டும். முப்பத்து நாலு வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "எழும்பூர்ல புத்தர் கோயில் ஒண்ணு இருக்கு, இந்தப் பௌர்ணமி ஞாயித்துக்கிழமை வருது, போலாமா?" என்று கேட்டேன்.

"அங்க என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க அத்தை."

"சரி, நாமளே எடுத்துட்டுப் போவோம்" என்று பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் நாலு முழம் மல்லிகை வாங்கி வாழையிலையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது கென்னட் லேன். லாட்ஜுகளும் பெட்டிப் பைகளும் ஆட்டோக்காரர்களும் நிறைந்த சந்து. ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். உள்ளே ஒரு விகாரை இருப்பது பலருக்குத் தெரியாது. நானே எத்தனையோ முறை அந்த வழியாகப் போயும் பார்த்ததில்லை. 1891இல் கொழும்பில் அநகாரிக தர்மபாலர் தொடங்கிய மகாபோதி சங்கத்தின் சென்னை மையம் அது. இலங்கையிலிருந்து புத்தகயைக்குப் போகும் யாத்திரிகர்கள் இங்கே தங்கி ரயில் ஏறுவது பழைய வழக்கம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெள்ளைப் புடவையும் வெள்ளைச் சட்டையுமாகப் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மணியோசை, மேளம் எதுவும் இல்லை. அத்தை வழக்கம்போல நேராகச் சன்னதிக்குப் போய்ப் பூச்சரத்தைச் சாத்தச் சொல்லி யாரிடம் கொடுப்பது என்று தேடினார். அர்ச்சகர் என்று யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கையை நீட்டிச் சரத்தை வாங்கினார். கொழும்பிலிருந்து வந்தவர், கடை வைத்திருந்த குடும்பம். தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க மட்டும் வராது என்று அப்புறம் சொன்னார். வாங்கியவர் சரத்தைச் சாத்தவில்லை. நாரை மெதுவாக உருவி, மொட்டு மொட்டாகப் பிரித்து, காம்பு கீழே இருக்கும்படி ஒரு தட்டில் வட்டமாக அடுக்க ஆரம்பித்தார். அத்தை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "கட்டின பூவை யாராவது பிரிப்பாங்களாடி?" என்று என் காதில் கேட்டார். பாதிச் சரம் பிரிந்ததும் மீதியைத் திருப்பி வாங்கி இலைக்குள் வைத்துக்கொண்டார். ரோஷம்தான்.

தட்டை எல்லோருமாகத் தொட்டுக் கொடுத்து வைத்தார்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் பாட்டு தொடங்கியது. பாட்டு என்றால் ராகம் இழுத்துப் பாடுவது இல்லை, ஓதுவது. நடுவில் ஒரு வரி எனக்குப் பிடிபட்டது: "புப்பம் மிலாயாதி யதா இதம் மே, காயோ ததா யாதி வினாச பாவம்." முடிந்ததும் அந்த அம்மாளிடம் பொருள் கேட்டேன். "இந்தப் பூ எப்படி வாடுமோ, என் உடம்பும் அப்படித்தான் அழிவுக்குப் போகுது. பூ வைக்கிறப்ப எல்லாரும் இதைச் சொல்லித்தான் வைப்போம்" என்றார்.

சாமிக்குப் பூப் போடும்போது எனக்கு அது கொடு, இது கொடு என்று கேட்டுப் பழகிய எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அத்தை சும்மா இருப்பாரா? கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார்:

"பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ."

குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தின் பாட்டு. கைக்குழந்தையாக இருந்தது செத்துத்தான் சிறுவன் ஆனோம், சிறுவன் செத்துத்தான் காளை ஆனோம். தினம் தினம் செத்துக்கொண்டே இருக்கிறோம், அடுத்தவர் சாவுக்கு அழுகிற நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என்கிறது. ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளியில் ஒப்பிக்கிறோமே தவிர, இந்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியது பத்தொன்பது பாட்டுகள்தான். அந்தப் பத்தொன்பதில் ஒன்று, அங்கே பாலியில் ஓதிய வரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாள் பொருள் கேட்டார், அத்தை விளக்கினார். முதலில் இருந்த ரோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். குண்டலகேசி கதையே பாலியில் இருக்கிறது என்றேன். பௌத்தப் பிக்குணிகளின் பாட்டுகளைத் தொகுத்த தேரிகாதையில் பத்தா குண்டலகேசா என்று ஒருத்தி வருகிறாள். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்பட்ட கள்வனைக் காதலித்து மீட்டுக் கட்டிக்கொண்டு, அவனே தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப் போனபோது, வலம் வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டவள். தமிழிலும் அதே கதைதான். சமணத் துறவியாகி முடியைப் பறித்துக்கொண்டாள், அது சுருள் சுருளாக முளைத்தது, அதனால்தான் அந்தப் பேர். கடைசியில் புத்தர் "வா பத்தா" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லே எனக்குத் துறவு என்கிறாள்.

தேரிகாதையில் எனக்குப் பிடித்தவள் படாசாரை. காலைக் கழுவிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அப்புறம் அறைக்குள் போய், ஊசியால் விளக்குத் திரியைக் கீழே இழுக்கிறாள். விளக்கு அணைகிறது, மனசும் விடுபடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. அத்தைக்கு அதைவிட முத்தா என்பவளைத்தான் பிடித்தது. கோணலான மூன்றிலிருந்து விடுதலை என்று பாடியவள்: உரல், உலக்கை, கூனல் புருஷன். "மூணாவதைத் தனியா ஒரு பாட்டாவே பாடியிருக்கலாம்" என்று டீ சிந்தச் சிரித்தார்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம். அத்தை அதைக் கோயில் கணக்கில் சேர்க்கத் தயாராக இல்லை. என் கணக்கு வேறு. தேவாரத் தலம் என்றால் பதிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடிப் போகலாம், கோயில் இருக்கும். தமிழ் பௌத்தத்தில் ஊரிலிருந்த விகாரைகள் போய்விட்டன, பாட்டு மிஞ்சிவிட்டது. அதனால் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் அத்தை ஒரு பலகை முன்னால் நின்றுவிட்டார். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுண்ணாம்புக்கல். வெறும் ஆசனம், அதன் கீழே இரண்டு பாதங்கள், சுற்றிலும் கும்பிடுகிறவர்கள். ஆசனத்தில் ஆள் இல்லை. பழைய சிற்பிகள் புத்தரைச் செதுக்காமல் அவர் இருந்த இடத்தை மட்டும் காட்டினார்கள். "இது பாத பீடிகைடி!" என்றார் அத்தை. காப்பியத்தில் மணிபல்லவத் தீவில் மணிமேகலை பார்த்ததும் அதுதான்: மூன்று முழ உயரம், பக்கத்துக்கு ஒன்பது முழ அகலம். அதற்காக நாகநாட்டு அரசர் இருவர் சண்டை போட்டார்கள் என்று சாத்தனார் சொல்கிறார். அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் அவள் கை குவிகிறது, முற்பிறவி தெரிகிறது. பாடம் நடத்திய காலமெல்லாம் பீடிகை என்றால் ஏதோ முக்காலி மாதிரி என்று நினைத்திருந்ததாக அத்தை ஒப்புக்கொண்டார். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தாரோ!

மணிமேகலை நம் கைக்கு வந்த கதையும் சுவாரசியம்தான். உ.வே.சா. ஏட்டைப் புரட்டியபோது அது எந்தச் சமய நூல் என்றே தெரியாமல் திகைத்திருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார்தான் இது பௌத்தம் என்று சொல்லி, பௌத்த நூல்களைப் படித்துப் படித்து விளக்கியிருக்கிறார். நூல் அச்சில் வந்தது 1898இல். அதே வருஷம்தான் அயோத்திதாச பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

செப்புத் திருமேனிக் கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள். 1856 தொடங்கி அங்கே தோண்டத் தோண்டச் சுமார் 350 கிடைத்தன. ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது; அந்த விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்தான். பல சிலைகள் உள்ளங்கையில் அடங்கும் அளவு. தலை உச்சியில் ஒரு தீச்சுடர், விரல்நுனி அளவுதான். அருகில் போய்ப் பார்த்தால் அந்தச் சுடரிலும் வரி வரியாக நெளிவு தெரிகிறது. நடராஜரைச் சுற்றியிருக்கும் சுடர் போலவே வார்த்திருக்கிறார்கள். அச்சும் மெழுகும் ஒரே பட்டறைக் கைதானே.

காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த நின்ற புத்தரும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார். மணிமேகலை கடைசியில் நோன்பேற்றது காஞ்சியில் என்பதால் அத்தை அவர் முன்னால் வெகுநேரம் நின்றார். கை பைக்குள் போனது, மீதி மல்லிகை இலைச்சுருளோடு வெளியே வந்தது.

"இங்க வைக்கக் கூடாது அத்தை."

"தெரியும்" என்றார். சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உதடு அசைய ஏதோ சொன்னார். பிறகு திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். குண்டலகேசியா, பாலியா என்று கேட்கவில்லை. "'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே'ன்னு சொல்ற மணிமேகலைக் காப்பியத்தைப் பத்தி இவ்வளவு பேசிட்டுப் பசியோட நிக்கறோம், வா" என்று அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். எதிர்ப்பக்கம் ஒரு கடையில் லெமன் ரைஸ். உப்பு தூக்கல்.

திரும்பும் ரயிலில் கோடம்பாக்கம் தாண்டியதும் கேட்டார்: "அந்தப் பூ வரியை இன்னொரு தரம் சொல்லு." சொன்னேன். செல்போனில் மெதுவாகத் தட்டி ஏற்றிக்கொண்டார். "வைகாசி விசாகத்துக்குத்தானே கோமுகிப் பொய்கையில மணிமேகலையோட அமுதசுரபி வரும்? அன்னிக்கு இங்க வருவோம். அந்தம்மா இருப்பாங்களா?"

"தெரியலையே. நம்ம பாட்டையும் எழுதிக் கொடுத்திருக்கலாம்."

"அவங்களுக்குத் தமிழ் படிக்கத்தான் வராதே. நான் சொல்லிக்கொடுக்கறேன்" என்றார் அத்தை. கிண்டிக்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த தடவை பூவை உதிரியாகவே வாங்கிக்கொள்ளலாமா, அப்படி வாங்கினால் விலை குறையுமா?