வலது சீட்டில் சேர்த்த மணிநேரங்கள்

அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 250 மணிநேரம் பறந்திருந்தால் போதும். ஏர்லைனில் கோ-பைலட்டாகச் சேர, பொதுவாக 1,500 வேண்டும். நடுவில் இருக்கும் 1,250-ஐ எங்கே போய்ச் சேர்ப்பது என்பதைப் பயிற்சிப் பள்ளி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் பார்த்த ஞாபகம் இல்லை. ஊரில் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இந்தியாவில் 200 மணிநேரத்தில் இதே கமர்ஷியல் லைசென்ஸை வாங்கி, ஏ320 ஜெட்டை ஓட்டத் தனியாக எடுக்க வேண்டிய டைப் ரேட்டிங்கையும் முடித்து, வேலையும் அமைந்துவிட்டால் நேராக ஜெட்தான். "லைசென்ஸ் வாங்கிட்டேன்னு சொன்னே, இன்னும் குட்டி பிளேன்லயே சுத்திக்கிட்டிருக்கியேப்பா" என்று சித்தப்பா கேட்டால் என்னத்தைச் சொல்ல. கிரீன் கார்டு இருப்பதால் எனக்கு இந்த வழியாவது இருக்கிறது. மாணவர் விசாவில் வந்தவர்கள் பலரும் ஊர் திரும்பி லைசென்ஸை மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த 1,500-க்குக் காரணம் 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விமான விபத்து. 50 பேர் இறந்தார்கள். குடும்பத்தினர் விடாமல் போராடியதில் 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் விதி அமலுக்கு வந்தது. ஆனால் அந்த விமானத்தின் பைலட்கள் இருவருமே 1,500-ஐ எப்போதோ தாண்டியவர்கள். விமானம் வேகம் இழந்தபோது மூக்கை இறக்க வேண்டிய கேப்டன் கண்ட்ரோலைப் பின்னால் இழுத்தார். இதை மணிக்கணக்கு தடுத்திருக்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எந்த மாதிரி மணிநேரம் என்று கேட்காமல் எத்தனை என்று மட்டும் கேட்பதில் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

மணிநேரம் சேர்க்க விமானத்தில் விளம்பரப் பேனர் இழுக்கலாம், ஸ்கைடைவர்களை ஏற்றிப் போகலாம், எண்ணெய்க் குழாய்களை மேலிருந்து கண்காணிக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸைக் காட்டி அவர்களும் கொஞ்சம் அனுபவம் கேட்பார்கள். அதனால் பெரும்பாலானவர்களுக்கு இன்ஸ்ட்ரக்டர் வேலைதான் கதி, எனக்கும்தான். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும், சூடான காற்றில் எங்கள் குட்டிப் பயிற்சி விமானம் செஸ்னா 172 மேலே ஏற அழும், அதனால் விடிவதற்கு முன்பே முதல் ஸ்டூடன்ட் வந்து நிற்பார். எங்கள் இடத்தில் இன்ஜின் ஓடினால்தான் சம்பளம், ஹாப்ஸ் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. புழுதிப் புயல் வந்தாலோ விமானம் மெக்கானிக்கிடம் போனாலோ அன்றைக்குப் பட்டை நாமம்.

ஆனாலும் வலது சீட்டில், அதாவது இன்ஸ்ட்ரக்டர் சீட்டில், கற்றதை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன். தரையைத் தொடப் போகும் நேரத்தில் ஸ்டூடன்ட் பயந்துபோய் ஓர் இழு இழுப்பார், விமானம் மறுபடி மேலே மிதக்கும், வேகம் இறங்கிக்கொண்டே இருக்கும். என் கை மடியில்தான் இருக்கும், இரண்டு விரல் மட்டும் ஸ்டியரிங் மாதிரி இருக்கும் யோக்குக்குப் பின்னால், கால்கள் ரடர் பெடல்களை ஒட்டி. அவராகச் சரிசெய்கிறாரா என்று பார்க்க ஒரு நொடி கிடைக்கும். கிடைக்காத நாளில் "மை கண்ட்ரோல்ஸ்" சொல்லிப் பவர் கொடுத்து மறுபடி மேலே கிளம்ப வேண்டியதுதான். இதுவே ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை நடக்கும்.

சரி, தரையைத் தொட்டதும் மறுபடி கிளம்பும் இந்த டச் அண்ட் கோ எல்லாம் மொத்தக் கணக்கைத்தான் ஏற்றும். 1,500-க்குள் 500 மணிநேரம் கிராஸ்-கன்ட்ரி, 100 இரவு, 75 இன்ஸ்ட்ரூமென்ட் என்று தனித்தனி பாத்திகள் உண்டு. கிராஸ்-கன்ட்ரி என்றால் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் போயிருக்க வேண்டும், ரன்வேயைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு நிமிடம்கூடச் சேராது. இன்ஸ்ட்ரூமென்ட், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, அதைவிட மோசம். அரிசோனாவில் வருடம் முழுக்க நீல வானம். ஸ்டூடன்ட் கண்ணை மறைக்கும் ஹூட் போட்டுப் பறந்தால் அந்த நேரம் அவருக்கு, வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இல்லை. அதனால் லீவு நாளில் இன்னொரு இன்ஸ்ட்ரக்டரோடு வாடகையைப் பங்கு போட்டு, போகும்போது நான் ஹூட், வரும்போது அவர். டூசானுக்கு இரவில் போய்த் திரும்பினால் கிராஸ்-கன்ட்ரியும் இரவும் சேர்ந்து ஏறும்.

பார்க்கர் பேனாவில் பறப்பவர்களும் உண்டு, அதாவது பறக்காமலே லாக்புக்கில் மட்டும் மணிநேரம் எழுதிக்கொள்பவர்கள். மாட்டினால் லைசென்ஸே போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. மீட்டர் ஓடினால் எனக்கு லாபம், காசு ஸ்டூடன்டுடையது. இரண்டு பாடத்தில் முடிவதை நான்காக்கும் இன்ஸ்ட்ரக்டர்களைப் பார்த்திருக்கிறேன். 1,500 தொட்டதும் ஸ்டூடன்டைப் பாதியில் விட்டு ஏர்லைனுக்கு ஓடுவதும் சகஜம். அப்படி மூன்றாவது இன்ஸ்ட்ரக்டராக என்னிடம் வந்த ஒரு பெரியவர் முதல் நாளே கேட்டார்: "உங்களுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" நியாயமான கேள்வி. அவர் தேர்வு முடியும்வரை இருப்பேன் என்று சொன்னேன், இருந்தேன்.

புதிதாக இன்ஸ்ட்ரக்டர் ஆகிறவர்கள் கேட்டால், இன்ஸ்ட்ரூமென்ட் கற்றுத்தரும் ரேட்டிங்கைச் சீக்கிரம் எடுங்கள் என்பேன். அந்த ஸ்டூடன்ட்கள்தான் தூரம் போவார்கள். 2022-இல் ஏர்லைன்கள் போட்டி போட்டு ஆள் எடுத்தன, 2024-இல் 1,500 கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு, அதனால் தேதி குறித்துக் கடன் வாங்காதீர்கள். எனக்கு மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது, இரவு மட்டும் இழுக்கிறது. இது ஜூன் மாதம், சட்டக் கணக்கில் இரவு ஆரம்பிக்கவே எட்டு மணிக்கு மேல் ஆகிறது, காலை ஐந்துக்கு ஸ்டூடன்ட் வந்துவிடுவார்.